இரண்டாம் குரல்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஓர் இணைய இதழ் என்னிடம் கட்டுரை கேட்டிருந்தது: கம்பியில்லாமல் வீட்டுக்குள் வரும் பாட்டின் ஒலித்தரம் பற்றி, ஆயிரம் சொற்கள். பாசையூரில் எங்கள் ஒழுங்கையில் அப்படியொரு சோடி ஸ்பீக்கர் சிமியோன் அண்ணை வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. கேட்டுப் பார்க்கக் குறிப்புப் புத்தகத்தோடு போனேன். கட்டுரை இன்றுவரை எழுதப்படவில்லை.

2

முதல் தொடக்கம்: "றோஸின் குரல் போய் மூன்று வருடங்கள் ஆகி—"

வேண்டாம். முதல் வரியிலேயே சொன்னால் நீங்கள் இரக்கப்படத் தொடங்கிவிடுவீர்கள். சிமியோன் அண்ணையின் மனைவி றோஸ் அக்காவுக்கு அது பிடிக்காது.

இரண்டாம் தொடக்கம்: ஸ்பீக்கர் ஒஸ்லோவிலிருந்து வந்தது.

இது பரவாயில்லை. அவர்களுடைய மகன் ஜெரோசன் அனுப்பியது. அது வந்த அதே கிழமை, பாரிசில் இருக்கும் லெனாட் ஒரு பழைய ஒலிநாடாவை இணையத்தில் ஏற்றினான். 1993இல், மின்சாரம் இல்லாத நாட்களில், கார் பற்றறியில் ரேப் றெக்கோடரை ஓடவிட்டு, கோயில் பாடகர் குழு பதிந்த ஆறு பாட்டுகள். லெனாட் அன்று ஆர்மோனியம் வாசித்தவன். குழுவில் றோஸுக்கு இரண்டாம் குரல்.*

* மெட்டுக்குக் கீழே கூடவே போகும் தாழ்ந்த குரல். இருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. இல்லாதபோதுதான் பாட்டில் ஏதோ குறைகிறது என்பார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் தைரொயிட் சத்திரசிகிச்சை செய்தபிறகு அவள் குரல் கரகரத்துவிட்டது. பேசலாம், பாட முடியாது. அவள் பாடியதற்குச் சாட்சியாக உலகத்தில் இருப்பது அந்த ஒரு நாடாதான். (சொல்லிவிட்டேன். இரக்கப்படாதீர்கள்.)

(இன்னொன்று: நேரில் அக்கா, அண்ணை. கதைக்குள் அவள், அவன். அப்படி எழுதினால்தான் கிட்டப் போக முடிகிறது.)

3

சிமியோன் பாட்டைப் போட்டபோது றோஸ் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கடைசிவரை நின்று கேட்டாள்.

"எப்பிடி?" என்றான் சிமியோன்.

"நல்லாக் கிடக்கு. நான்தான் இல்லை."

"என்ன கதை இது? நீர் நிண்டு பாட்டுப் படிச்சனீர்தானே."

"படிச்சனான். கேக்கேல்லை."

திரும்பப் போட்டான். மேல்குரல்கள் பளிச்சென்று வந்தன. அவற்றுக்குக் கீழே ஒன்றுமில்லை. குழுப்படத்தில் தான் நின்ற இடத்தில் வெறும் சுவர் தெரிவதுபோல இருந்தது றோஸுக்கு. மீனிடம் திரும்பிப் போனாள்.

அன்று பின்னேரமே சிமியோன் மகனை வீடியோவில் பிடித்தான்.

"அப்பா, டேட்டா மிச்சம் பிடிக்கிற செற்றிங்கிலை விட்டிருக்கிறியள்," என்றான் ஜெரோசன். "அது பாட்டைச் சுருக்கிப்போடும். தரத்தை உச்சத்துக்கு ஏத்துங்கோ. புளூடூத்தை விட்டிட்டு வைஃபையிலை குடுங்கோ."

வைஃபையில் கொடுத்தால் சுவர் தாண்டும்போது பாட்டு விட்டுவிட்டு வந்தது. முப்பது வருடம் தபால் கந்தோரில் வேலைசெய்து இளைப்பாறிய சிமியோன், மூன்று நாட்களாக றூட்டரைக் காவிக்கொண்டு அறை அறையாகத் திரிந்தான்.

இங்கே நான் அவனைச் சந்தேகப்பட்டேன். மனைவியின் குரலுக்காகவா இவ்வளவும்? புதுச் சாமானோடு விளையாட ஆசை, அவ்வளவுதான் என்று ஒரு பந்தி எழுதி— அடித்துவிட்டேன். காரணம் அடுத்த பகுதியில் வரும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாக ஏதோ ஒன்று கேட்டது. ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு. ஒரு காகம். பிறகு ஓர் இருமல்.

"உது நீக்கிலாப்பிள்ளை மாஸ்டர்!" என்று றோஸ் சிரித்தாள். குழுவை நடத்திய மாஸ்டர் செத்துப் பதினைந்து வருடங்கள். செத்தவரின் இருமல் வந்துவிட்டது. உயிரோடு இருப்பவளின் குரல் வரவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது.

"விடுங்கோ," என்றாள். "நான் மெல்லமாத்தான் படிச்சிருப்பன்."

4

கட்டுரையில் வந்திருக்கவேண்டிய வரி: பாட்டைச் சுருக்கும்போது, காது கவனிக்காது என்று கணித்துச் சில ஒலிகளை விட்டுவிடுகிறார்கள். ஆனால் யாருடைய காது என்று—

நாலாம் நாள் சிமியோன் லெனாட்டுக்கு அழைத்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, எல்லாரும் கேக்கினம். என்ரை ஆளைத்தான் காணேல்லை."

"அண்ணை, நாடா ஒரே இரைச்சல். அதைக் கழுவித்தான் ஏத்தினனான். அக்கான்ரை குரல் இரைச்சலுக்குக் கிட்ட நிண்டது. சேந்து போட்டுது போல."

"கழுவாதது கிடக்கோ?"

"கிடக்கு. ஆனா கேக்கேலாது, அண்ணை."

"பரவாயில்லை, அனுப்பும்."

என் பந்தியை அடித்தது அப்போதுதான்.

5

கழுவாத பாட்டு தகரக்கூரை மழைபோல இரைந்தது. றோஸ் கதிரையை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் அடி போயிற்று. இரண்டாம் அடி.

"இந்தா!" என்றான் சிமியோன். "கேட்டனீரோ?"

"எங்கை?"

"இப்பதான் போச்சு."

"சும்மா சொல்லுறியள்."

"சத்தியமா."

"அப்ப எப்பிடிப் போச்சு? சொல்லுங்கோ பாப்பம்."

சிமியோன் பாட்டை நிறுத்தினான். தொண்டையைச் செருமினான். அவன் பாடி நான் கேட்டதில்லை. கோயிலிலும் வாயை மட்டும் அசைப்பவன். வாயைத் திறக்காமல் முனகத் தொடங்கினான். எல்லாருக்கும் தெரிந்த மெட்டு அல்ல. அதற்குக் கீழே, ஒரே இடத்தில் நின்று, இரண்டு படி இறங்கி, ஒரு படி ஏறும் வேறொன்று. சுருதி சேரவேயில்லை.

றோஸ் கண்ணைத் திறந்தாள். அவள் கை தானாக எழுந்து தாளம் போட்டது.

"அதிலை இல்லை. அடுத்த சொல்லிலைதான் இறங்கோணும்," என்றாள், கரகரத்த குரலில்.

அவன் அடுத்த சொல்லில் இறங்கினான்.

"ஓம்," என்றாள். "உது என்ரை."

ஒரு முடிவு: ஸ்பீக்கரில் அந்தக் குரல் உண்மையாகவே வந்தது, அவன் கேட்டான். இன்னொரு முடிவு: 1993இல், பதிவுக்கு முன் ஒரு மாதம் அவள் குசினியில் பாடிப் பழகியதைக் கேட்டுக் கேட்டு, முப்பது வருடங்களாக அவனுக்கு அது பாடம். அந்தக் கழுவாத பாட்டை நானும் மூன்று தரம் கேட்டுவிட்டேன். ஏதோ இருக்கிறது. சத்தியம் பண்ணமாட்டேன்.

"திருப்பி ஒருக்கா," என்றாள் றோஸ்.

"பாட்டையோ, நான் படிச்சதையோ?"

அக்கா சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. அந்தக் கதிரையில் நீங்கள் இருந்திருந்தால் எதைக் கேட்டிருப்பீர்கள்?