ஷமீரின் பச்சைப்புள்ளி

ஷமீரின் படகு மாயாபந்தர் ஜெட்டியை விட்டுப் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. படகும் வரவில்லை, மய்யித்தாக அவன் உடலும் வரவில்லை. ஆனால் செல்போனின் அரட்டைச் செயலியில், சில மத்தியானங்களில், அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப்புள்ளி எரிந்தது. ஆள் ஆன்லைனில் இருக்கிறான் என்று அர்த்தம். அவன் மனைவி ரஷீதா அந்தப் புள்ளியை வைத்துத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெண்டாட்டிக்குப் பதில் போடாத புருஷன் உலகத்தில் இவன் ஒருவன்தானா என்ன?

"அது நெட்வொர்க் கோளாறு மதினி. பாகல் மாதிரி, பைத்தியமாட்டம் பேசாதீங்க," என்பான் ஷமீரின் தம்பி சுஹைல்.

கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் அறைக்குள் இருக்கும் இத்தாவை உறவுப் பெண்கள் நினைவுபடுத்தினார்கள். "அவுகதான் ஆன்லைன்ல இருக்காகளே!" என்று ரஷீதா வீட்டு வாசலில் நடத்திவந்த கடையை எப்போதும்போலத் திறந்துவைத்தாள்.

அப்போதுதான் செயலியை ஓர் அமெரிக்கக் கம்பெனி வாங்கப்போவதாகச் செய்தி வந்தது. வாங்கியதும், ஒரு வருஷம் திறக்காத கணக்குகளை அழித்துவிடுவார்களாம். பச்சைப்புள்ளி எரிந்தாலும், கம்பெனிக் கணக்குப்படி ஷமீர் படகேறிய பிறகு ஒருநாள்கூடத் திறக்கவில்லை. அவன் பேசி அனுப்பிய குரலெல்லாம் அதில்தான் இருந்தது.

இரண்டு கம்பெனிகள் சேர நாடு நாடாகச் சம்மதம் வேண்டும் என்றான் சுஹைல். போட்டிக்கு வேறு யாராவது மிஞ்சுவார்களா என்று பார்த்து வாஷிங்டன் தலையாட்டிவிட்டது. இத்தனை பேர் விவரமும் ஒரே கையில் சேரலாமா என்று பிரஸ்ஸல்ஸ் மாதக்கணக்கில் குடைந்துவிட்டு, நிபந்தனையோடு விட்டது. டில்லி மட்டும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. புருஷன் கணக்கை அழிக்கக் கூடாது என்று ரஷீதா சொல்லச் சொல்ல சுஹைல் தட்டி அனுப்பினான்.

அதிசயமாக, டில்லி காது கொடுத்தது. வீட்டாரைக் கேட்காமல் எந்தக் கணக்கையும் அழிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. ரஷீதா சந்தோஷத்தில் அழுதாள்.

பிறகு கம்பெனி அவளைக் கேட்டது: இவர் உயிரோடு இருக்கிறாரா? இருந்தால் அவரே செயலிக்குள் வந்து சம்மதிக்க வேண்டும். இறந்திருந்தால் கணக்கு மூடப்படும், குரல்கள் குடும்பத்துக்குக் கிடைக்கும். பதிலே இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும்.

"மச்சான், ஒரு தடவை உள்ள வந்துட்டுப் போங்க," என்று தினமும் எழுதினாள். புள்ளி எரிந்தது. அவன் வரவில்லை.

கெடு முடியும் நாளில் 'இறந்துவிட்டார்' என்பதைத் தொட்டாள். புள்ளி அணைந்தது.

"இன்னைக்குத்தான் இந்த வீட்ல சாவு விழுந்திருக்கு. நான்தான் கொன்னேன்," என்றாள். போனைச் சுஹைலிடம் கொடுத்துவிட்டு, இத்தா இருக்க உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இனி கொழுந்தன் முகத்தையும் பார்க்கக் கூடாது.

சாயங்கால அஸர் தொழுது எழும்போது வெளியே போன் ஒலித்தது. ஷமீரின் செய்திக்கென்று அவள் தனியாக வைத்திருந்த மணி.

"யாரு சுஹைலு?"

மறுபடி ஒலித்தது. அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"தொறக்காதீங்க மதினி," என்றான் சுஹைல். "அண்ணன் கேக்குறாரு, நான் செத்துட்டேன்னு எதுக்குடி சொன்னேன்னு."