புதுக் காருக்குப் பூசை

தினேஸ்வரிக்கு அந்தப் புதுக் காரைக் கண்டாலே பயம். ஊரில் மற்ற பெண்கள் வீட்டுக்குப் புதுக் கார் வந்தால் அதன்மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இவள் தள்ளி நின்றாள். காரணம் இல்லாமல் இல்லை. வந்த முதல் வாரத்திலேயே அது தன் குணத்தைக் காட்டிவிட்டது. சுள்ளென்ற வெயிலில் வைப்பர் தானாக ஆடும். பாசாருக்குப் போகும் வழியில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்து வந்ததற்கு நடுரோட்டில் தானே பிரேக் போட்டு நின்றது. பின்னால் வந்த லோரிக்காரன் அடித்த ஹாரனில் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஓட்டுகிறவர் இறங்கினால் சீட் தானாகப் பின்னால் நகரும். ஆளே இல்லாத காரில் சீட் நகர்ந்தால் யாருக்குத்தான் பயமாக இருக்காது?

அவள் கணவன் தீபனுக்கோ அதெல்லாம் பெருமை. முழுக்க மின்சாரத்தில் ஓடும் கார். சாவி கிடையாது, கைப்பேசிதான் சாவி. கதவின் கைப்பிடிகூட உடம்போடு உடம்பாகப் பதிந்து கிடக்கும்; தீபன் பக்கத்தில் போனால்தான் வெளியே நீட்டும்.

"மூளை உள்ள காடிலா இது. நம்மளவிட ஒழுங்கா யோசிக்கும்" என்பான். "கண்ணாடி ரெண்டு அடுக்கு, தட்டிப் பாரு. வெளிய பட்டாசு போட்டாலும் உள்ள கேக்காது."

"கதவு தொறக்கலன்னா என்னாங்க செய்யறது?"

"ஏன் தொறக்காம போவுது? ஒன் வாயில நல்லதே வராதா?"

அதற்குமேல் அவனிடம் கேட்டுப் பயனில்லை. எட்டு மாதப் பிள்ளை கோகிலனைப் பின் சீட்டில் குழந்தை நாற்காலியில் வைத்து வார்பூட்டும் போதெல்லாம் ஒருமுறைக்கு இருமுறை அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

தீபன் பிறந்தது கோப்பெங்குக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். சனங்கள் ஈப்போவிலும் காம்பாரிலும் வேலை தேடிப் போய்விட்டார்கள். தோட்டத்துக் கோயில் முனியாண்டி மட்டும் போகவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் எங்கே போய்ப் பிழைத்தாலும் சரி, மோட்டார் சைக்கிளோ காரோ, வாங்கினால் முதலில் அவரிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அதன்மேல் ஏற்றி நசுக்கிக்கொண்டு போனால்தான் அந்த வண்டிக்கு மரியாதை.

தினேஸ்வரி தோட்டம் அறியாதவள், லகாட் பட்டணத்தில் வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் அந்தக் கோயிலுக்கு அவளைக் கூட்டிப்போன மாமியார் இருளாயி, மேடையில் நட்டிருந்த பெரிய அருவாளைக் காட்டிக் காதோரம் சொன்னாள்: "அது முனியாண்டி கைல உள்ளது. பூசாரி மட்டும்தான் தொடணும். பொம்பளைங்க நெழலுகூடப் படக் கூடாது. ஒருத்தி தொட்டா, கை வெளங்காம போச்சி." தினேஸ்வரி அதை நம்பினாளா என்றால் அவளுக்கே தெரியாது. பயந்தாள், அது மட்டும் நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் சேர்ந்து மூவரும் பிள்ளையோடு கோயிலுக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் திரையில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை வந்தது. மின்சார அமைப்பைச் சோதிக்கவும் என்று. தீபன் விரலால் தள்ளிவிட்டான்.

"என்னாங்க அது?"

"சும்மா கெடந்து சொல்லும். நீ தூங்கு."

கோயிலை அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பத்துமலை அண்ணன் காத்திருந்தார். வாரநாளில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், ஞாயிறானால் பூசாரி. காரை மரநிழல் இல்லாத களத்தில் முனியாண்டிக்கு எதிரே நிறுத்தச் சொன்னார். பிள்ளை தூங்கிவிட்டிருந்தான். தினேஸ்வரி அவனைத் தூக்கப் போனாள்.

"உடுலா, எழுப்பாத. சாம்பிராணி, பட்டாசு எல்லாம் இருக்கு. ஏர்கோன் ஓடட்டும், உள்ளயே தூங்குவான்" என்றான் தீபன்.

"கதவையாவது தொறந்து வைங்க."

"தொறந்து வச்சா புகை உள்ள போவும். பக்கத்துலதான நிக்கிறோம்?"

பக்கத்தில்தான் நின்றார்கள். எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, மாலை போட்டாயிற்று, பட்டாசு வெடித்தது. எல்லோரும் சூடத்தைப் பார்த்தார்கள். தினேஸ்வரி மட்டும் கறுப்புக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் இருந்த பெரிய திரை ஒருமுறை மினுக்கியது. அப்புறம் அணைந்தே போனது.

"ஏங்க, உள்ள வெளக்கு நின்னுருச்சி."

"மொத தீபத்தத் தொட்டுக் கும்புடு. அப்புறம் பாக்கலாம்."

அவள் தொடவில்லை. "கதவத் தொறங்க" என்றாள். குரலில் என்ன இருந்ததோ, பூசாரியே கையைக் கீழே இறக்கிவிட்டார்.

தீபன் கதவருகே போனான். கைப்பிடி நீட்டவில்லை. கைப்பேசியை எடுத்து அழுத்தினான், தேய்த்தான். ‘வாகனம் தொடர்பில் இல்லை’ என்று வந்தது. கைப்பேசி இல்லாதபோது திறக்க அட்டை ஒன்று இருந்தது, அதையும் கதவுகளுக்கு நடுவே உள்ள தூணில் வைத்துப் பார்த்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நாலு கதவும் செத்துக் கிடந்தன. பிடித்து இழுக்க ஒரு விரல் நுழைகிற இடம்கூட அந்தக் காரில் இல்லை.

"பேட்டரி போயிருச்சி போல" என்றான். சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

ஏர்கோன் நின்ற கார். உச்சி வெயில். உள்ளே பிள்ளை. தினேஸ்வரி பிள்ளை இருந்த பக்கம் ஓடினாள். கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். கோகிலன் விழித்துவிட்டான். முகம் சிவந்து, வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தான். சத்தம்தான் வரவில்லை. ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. பெற்றவள் ஒரு கை தூரத்தில் நிற்கிறாள், பிள்ளை தொண்டை கிழியக் கத்துகிறான், அவள் காதில் செம்பனை ஓலை ஆடுகிற சத்தம் விழுகிறது. இதைவிடக் கொடுமை ஒரு தாய்க்கு உண்டா?

"ஃபோன் போடுறேன், கம்பெனிக்காரன் அங்கருந்தே தொறந்து உடுவான்" என்று தீபன் மேட்டுப்பக்கம் ஓடினான். அந்தப் பக்கம் ஏறினால்தான் லைன் கிடைக்கும்.

இருளாயி வயதானவள், ஆனால் கை கால் ஓடாமல் நிற்கிற ரகம் இல்லை. கோயில் பாயை இழுத்துவந்து பிள்ளை இருந்த பக்கக் கண்ணாடியின்மேல் வெயில் படாமல் போர்த்தினாள். மறுபக்கம் போய் ஒரு கல்லை எடுத்து ஓங்கி அடித்தாள். கண்ணாடியில் வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்தது. இன்னொரு அடி, இன்னொரு பொட்டு. தினேஸ்வரி சாமிக்கு வைத்திருந்த தேங்காயை எடுத்து அடித்தாள். தேங்காய் சிதறி, தண்ணீர் கதவில் வழிந்தது. கண்ணாடி அப்படியே இருந்தது.

"அண்ணே, பெரிசா எதுனா குடுங்க! இரும்பு, கடப்பாற, எதுனா!"

பத்துமலை தன் பிக்கப்பில் தேடினார். ஒரு கயிறும் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் தோம்பும்தான் இருந்தன. கருவிகளெல்லாம் லோரியில். அவர் திரும்பி மேடையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"அதக் குடுங்கண்ணே."

"ஐயோ, அது ஆயுதம்மா. வாக்கு கேக்காம எடுக்க முடியாது. இரு, பூ போட்டுப் பாக்குறேன். வலப்பக்கம் விழுந்தா உத்தரவு. இந்தா, இப்ப பாத்துடலாம்."

கெட்ட மனிதர் இல்லை அவர். விழுந்தடித்துக்கொண்டுதான் ஓடினார். சிலையின் தோள்களில் இரண்டு பக்கமும் பூவை ஒட்டிவைத்து, கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். மேட்டில் ஒருத்தன் கைப்பேசியைக் காதில் வைத்துக் காத்திருந்தான். கீழே ஒருத்தர் பூவுக்குக் காத்திருந்தார். பூ விழுவதாக இல்லை.

தினேஸ்வரி பாயை விலக்கிப் பார்த்தாள். கோகிலன் அழுகையை நிறுத்தியிருந்தான். வாய் மூடவில்லை. தலை ஒரு பக்கம் தொங்கியது. கண் பாதி திறந்து, அவளைத் தாண்டி எங்கோ பார்த்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது, ஆனால் முகத்தில் வியர்வையைக் காணோம்.

அப்போது அவளுக்கு வந்த பயம் இருக்கிறதே, அதற்கு முன்னால் முனியாண்டி பயமெல்லாம் எந்த மூலைக்கு?

மேடையில் ஏறினாள். "தினேசு! வேணாம்டி! கை போயிரும்!" என்று மாமியார் கத்தினாள். பூசாரி கண்ணைத் திறப்பதற்குள் அருவாளைப் பிடுங்கிவிட்டாள். கனம் தோளை இழுத்தது. "எடுத்துக்கறேன் சாமி, என் கையத்தானே கேப்ப? எடுத்துக்க" என்று வாய்விட்டே சொன்னாள். பிள்ளை இல்லாத இடப்பக்கத்துக்கு ஓடினாள்.

அங்கே தீபன் நின்றான். மேட்டிலிருந்து ஓடிவந்திருக்கிறான், மூச்சு வாங்கியது. அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் கதவோடு முதுகை ஒட்டி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டான்.

"இரு இரு! ஆளு வாரேன்னு சொல்லிட்டான்! ஈப்போலருந்து கெளம்பிட்டான்!"

"புள்ள உள்ள இருக்குன்னு சொன்னீங்களா?"

அவன் கைப்பேசியைப் பார்த்தான். "அதுக்குள்ள லைன் போயிருச்சி..."

"நவுருங்க."

"தினேசு, கண்ணாடிலா..."

"நவுருறீங்களா, இல்ல ஒங்களயும் சேத்து வெட்டவா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அருவாளைப் பார்த்தான். நகர்ந்தான்.

முதல் வெட்டில் முனை சிக்கிக்கொண்டது. பிடுங்கி மறுபடி போட்டாள். மறுபடி, மறுபடி. கண்ணாடி நொறுங்கி விழாமல் பழைய பாய் மாதிரி மடிந்து கொடுத்தது. ஓட்டை விழுந்ததும் உள்ளிருந்து அடுப்பைத் திறந்தாற்போல் அனல் முகத்தில் அடித்தது. அனல் மட்டும்தான் வந்தது, அழுகை வரவில்லை. அருவாளைக் கீழே போட்டுவிட்டு, கையாலேயே கண்ணாடியைக் கிழித்துத் தள்ளி, தலையை நுழைத்து உள்ளே விழுந்தாள். முழங்கையில் கிழித்தது தெரியவில்லை. வாரின் பூட்டு சுட்டது. அழுத்தினாள், வரவில்லை, திட்டிக்கொண்டே அழுத்தினாள். வந்தது. பிள்ளையைத் தூக்கி ஓட்டை வழியாக நீட்டினாள். மாமியார் முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

நிழலில் கிடத்திச் சட்டையைக் கழற்றினார்கள். அபிஷேகத்துக்கு வைத்திருந்த குடத்துத் தண்ணீரில் துணியை நனைத்து உடம்பெல்லாம் ஒற்றினார்கள். "சாமி, கண்ணு, ஐயா, அம்மாவப் பாரு, அம்மாவப் பாருடா" என்று தினேஸ்வரி பிதற்றினாள். கோகிலன் ஒரு விக்கல் போட்டான். பிறகு முகத்தைச் சுளித்து, வீல் என்று கத்தினான். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"பூ உழுந்துருச்சி! வலப்பக்கம்! உத்தரவு குடுத்துட்டாரு!" என்று பத்துமலை ஓடிவந்தார். மண்ணில் கிடந்த அருவாளையும், கிழிந்த கண்ணாடியையும், அழுகிற பிள்ளையையும் பார்த்தார். பிக்கப் சாவியை எடுத்தார்.

கோப்பெங்கில் ஞாயிறு திறந்திருந்த ஒரு கிளினிக்கில் டாக்டரம்மா பிள்ளையைச் சோதித்தாள். சூடு இறங்கிவிட்டது, பால் கொடுங்கள், இரவு வரைக்கும் கவனமாகப் பாருங்கள் என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, தினேஸ்வரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். முழங்கைக்குத் தையல் போட்டு அனுப்பினாள்.

வெளியே பெஞ்சில் தீபன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நன்றாக அழுதிருக்கிறான். பிள்ளையின் பாதத்தைத் தொட்டான். அவள் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அந்தக் காடி நமக்கு வேணாம்" என்றான். "நாளைக்கே திருப்பிக் குடுத்துட்டு வாரேன். சத்தியமாச் சொல்றேன். நீ இனிமே பயப்பட வேணாம்."

அவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி தெறிச்சிப் புள்ள மேல படும்னுதான் தடுத்தேன். வேற ஒண்ணும் இல்ல."

"புள்ள அந்தப் பக்கம் இருந்தான்."

அவன் அவள் முழங்கைத் தையலைப் பார்த்தான். "புள்ளயத் தோள விட்டு எறக்கவே மாட்டேங்கிற. இன்னும் அந்தக் காடிய நெனச்சியா பயப்படுற?" என்றான்.

"காடி என்னாங்க, அது இரும்பு. அதுக்கு என்னா தெரியும்?" என்றாள் தினேஸ்வரி. பிள்ளையின் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "நீங்க கைய விரிச்சிக்கிட்டு நின்னீங்கல்ல, ஒங்களப் பாத்தாதான் பயமா இருக்கு."