சாயாக் கீரைச் சம்பல்

இருபது நிமிடமாவது அவிக்க வேண்டும் என்று ரோசாலியா சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு நேரம் அவித்தால் அது கீரையா, கூழா? மன்னாரில் பிறந்து, இந்தக் குளிர்நாட்டு மல்வேர்னில் மாதா கோயில் ஹோலின் குசினியைக் கட்டி ஆளுகிற எமில்டா எனக்குக் கீரை சமைக்கப் படிப்பிக்க வந்துவிட்டாள்!

ரோசாலியா எங்கள் மாடிக்கட்டடத்தில் எதிர்வீட்டுக்காரி. மெக்சிக்கோவில் யுகட்டான் பக்கம், மாயா இனத்தவள். பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை. ஞாயிறு பூசைக்கு எங்களோடுதான் வருவாள். அவளுடைய பல்கனி முழுக்க ஊர்ச் செடிகள். ஒக்டோபர் வந்தால் குளிர் அவற்றைக் கொன்றுவிடும், வீட்டுக்குள்ளே வெயிலும் விழாது. அதனால் ஹோலின் பெரிய யன்னல்களோரம் வைக்க இடம் கேட்டிருந்தாள். அந்த மாதமே வரும் தாங்ஸ்கிவிங் விருந்துக்குச் செடிகளைக் கொண்டுவந்து சனத்துக்குக் காட்டட்டும், சாப்பாடு முடிய முடிவு சொல்லுவோம் என்று கொமிட்டித் தலைவர் டெனிஸ்டன் அண்ணை சொல்லியிருந்தார். யன்னல் கிடைக்காவிட்டால் செடிகள் அந்தக் கிழமையே சாகும். எல்லாருக்கும் அது தெரியும்.

விருந்தன்று காலை ஹோல் மேசை நிறையத் தொட்டிகள். எனக்கும் அவளுக்கும் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். இந்தச் சிவப்பு விதையை அரைத்துத்தான் இறைச்சிக்கு நிறம் போடுவார்கள் என்றாள். சப்போட்டா மரத்துப் பாலை அவளுடைய ஆட்கள் அந்தக் காலத்திலேயே சுவிங்கம் மாதிரி மென்றார்களாம். அடுத்த தொட்டியில் நடுவில் மஞ்சள் வைத்த வெள்ளைப் பூவைப் பார்த்ததும் நான் துள்ளிவிட்டேன்.

"இது எங்கட ஈழத்தலரியல்லோ! பேரிலேயே ஈழம் இருக்கு."

அவள் சிரித்தாள். "இல்லை எமில்டா, எங்கட பக்கத்திலயிருந்துதான் உங்களிட்டை வந்தது. நாங்கள் நிக்தே எண்டு சொல்லுவம். அம்மா இருமலுக்கு இந்தப் பூவை அவிச்சுத் தருவா."

எனக்குச் சுள்ளென்றது. பக்கத்தில் நின்ற பெண்கள் வேறு சிரித்துவிட்டார்கள். பிறகு ஒரு பை நிறைய இலையைத் தந்தாள், பப்பாசி இலையின் குட்டி மாதிரி. சாயாவாம். முட்டையோடு சமைப்பார்களாம், எல்லாரும் ருசி பார்க்கட்டுமாம். "பச்சையாய்ச் சாப்பிடக் கூடாது. நல்லா அவியுங்கோ" என்று இரண்டு தரம் சொன்னாள்.

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. குசினிக்குள் போய், 'அவிச்சுச் சத்தைக் கொல்லுற சனத்துக்குக் கீரையைப் பற்றி என்ன தெரியும்' என்று முணுமுணுத்தபடி இலையைப் பச்சையாகவே பூப்போல அரிந்தேன். தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப் புளி. வல்லாரைச் சம்பல் போடுகிற அதே கைதான். சனம் கேட்டுக் கேட்டுப் போட்டுத் தின்றது. "எமில்டா அக்கா, கைப்பக்குவம்தான்!" என்றார்கள். பரிமாறிக்கொண்டு நின்ற நானும் தொட்டிகளோடு நின்ற ரோசாலியாவும்தான் வாயில் வைக்கவில்லை.

கேக் வெட்ட முன்னமே தொடங்கிவிட்டது. ஒருத்திக்குத் தொண்டை கடித்தது, ஒருத்திக்கு வயிற்றைப் பிரட்டியது. கழிவறை வாசலில் வரிசை நின்றது. டெனிஸ்டன் அண்ணை வாளிக்குள் சத்தி எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன கீரை உது, எமில்டா?"

"உவ தந்தது! உவவைக் கேளுங்கோ!" என்று ரோசாலியா பக்கம் கையை நீட்டினேன். அவளுக்கும் விளங்கட்டும் என்று அதையே இங்கிலீஷிலும் கத்தினேன்.

ரோசாலியா ஓடிவந்து சம்பல் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எமில்டா, அவிச்சனீங்களோ?"

முழு ஹோலும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓம், அவிச்சனான்" என்றேன். மாதா கோயில் ஹோலில் நின்றுகொண்டு, நாக்கூசாமல்.

அவள் மறுபடி தட்டைப் பார்த்தாள். "அப்ப என்ர செடியிலதான் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். நஞ்சுச் செடி ஹோலுக்கு வேண்டாம் என்று டெனிஸ்டன் அண்ணை அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். அவள் தொட்டிகளைக் காருக்குச் சுமக்கத் தொடங்கினாள்.

எனக்கு நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வெளியே குளிர்காற்று அடித்தது.

"நான் அவிக்கேல்லை" என்றேன்.

"தெரியும். தட்டைப் பார்த்தாலே தெரியும். நீங்களே சொல்லுவீங்கள் எண்டுதான் எல்லாருக்கும் முன்னால கேட்டனான்."

அவள் என்னை ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். அவள் தொட்டியை வாங்கிக் காரில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க உள்ளே போனாள்.

நான் நேரே டெனிஸ்டன் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சும்மா இரும் பிள்ளை. இனி உதைச் சொல்லி எங்கட சனத்துக்கெல்லோ மானக்கேடு. அந்த மனிசி தானே ஒப்புக்கொண்டிட்டா. விட்டிடும்."

ஐயோ, எனக்கு நிம்மதியாக இருந்தது! உண்மையாகவே நிம்மதி. அதை நினைத்தால்தான் இப்போதும் பொய் சொன்னதைவிடக் கேவலமாக இருக்கிறது. அந்த நிம்மதியே சுட, அவர் கையைத் தட்டிவிட்டு மேடைக்குப் போய் மைக்கை எடுத்தேன். தமிழில் சொன்னால் அவளுக்கு விளங்காது. எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் சொன்னேன். அவிக்கச் சொன்னாள், நான் அவிக்கவில்லை, கேட்டபோது பொய் சொன்னேன், அவளிலும் பிழையில்லை, செடியிலும் பிழையில்லை.

டெனிஸ்டன் அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு யாரோ எழும்பி, "அப்ப யன்னலோரம் வைக்கட்டுமே" என்று இங்கிலீஷிலேயே சொன்னார்கள்.

ரோசாலியா கடைசித் தொட்டியோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பியும் பாராமல், தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.