முகவரி இல்லாத மனு

சபையில் அமைச்சர் எழுந்து படிக்கும் பதிலை அமைச்சர் எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன். பத்தொன்பது வருடமாக எரிசக்தித் துறையின் கேள்விப் பிரிவில் இதுதான் என் பிழைப்பு. உறுப்பினர்கள் கேள்வியை (அ), (ஆ), (இ) என்று பிரித்து அனுப்புவார்கள். (அ)வுக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மிச்சத்துக்கு 'இவ்வினா எழவில்லை' என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். வந்த புதிதில் இது எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. எதுதான் பழகாது?

அன்றைக்கு வந்த கேள்வி இது. (அ) கடந்த கோடையில், முன்னறிவிப்பில்லாத மின்வெட்டால் வீட்டில் மூச்சுக்கருவி நின்று நோயாளி இறந்ததாக அரசுக்கு மனு ஏதும் வந்ததா? (ஆ) வந்திருந்தால் எடுத்த நடவடிக்கை என்ன? (இ) இப்படிப்பட்ட வீடுகளுக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல ஏற்பாடு உண்டா?

கேள்வியை இரண்டாம் முறை படித்தேன். போன கோடையில் என் மாமா அப்படித்தான் செத்தார். மாமா என்றால் அக்கா புருஷன். நுரையீரல் கெட்டு, இரண்டு வருடம் ஆக்ஸிஜன் மெஷினோடு படுத்திருந்தவர். ஒரு மத்தியானம் கரண்ட் போனது. வீட்டில் இருந்த சிலிண்டர் ஒரு மணி நேரம் தாங்கியது. அக்கா மின்சார ஆபீசின் புகார் எண்ணுக்குப் போன் போட்டு, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்ற குரலை நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றாள். கரண்ட் வந்தது, மெஷின் ஓடியது, மாமா இல்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? மாமாவின் தங்கை எல்லார் முன்னாலும் கேட்டாள்: "இன்னொரு சிலிண்டர் வாங்கி வச்சிருக்க மாட்டீங்களா அண்ணி? போனைப் பிடிச்சுட்டு நின்ன நேரத்துல ஆஸ்பத்திரிக்காவது தூக்கிட்டுப் போயிருக்கலாமே?" நல்லா இருப்பாள், மகராசி. அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "சொல்லாம கொள்ளாம கரண்ட்டை நிறுத்தினது நாங்கதான், உன் மேல தப்பில்லன்னு அவங்க வாயால ஒரு தடவ சொல்லிட்டாப் போதும்டா. எனக்கு வேற எதுவும் வேணாம்."

துறைக்கு வரும் மனுக்களும் எங்கள் பிரிவுக்குத்தான் வரும். கோடை மாதத்து மனுக்கட்டை எடுத்து வரச்சொல்லிப் பிரித்தேன். எங்கள் அலுவலகத்தில் மாதக் கடைசியில் நிலுவை இருக்கக் கூடாது. அதனால் தேங்கிய மனுக்களை ஒரே கட்டாகக் கட்டி, மேலே ஒரு தாள் வைத்து, 'பரிசீலித்து முடிக்கப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் பார்ப்பதில்லை. இந்தக் கட்டில் அறுபத்து மூன்று மனுக்கள். நாற்பத்தெட்டாவது மனுவைப் புரட்டியபோது குண்டு குண்டான எழுத்து தெரிந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து அக்காவின் எழுத்து அதுதான், ஒரு வரிக்கு நாலு வார்த்தைக்கு மேல் கொள்ளாது. மேல் தாளைத் திருப்பினேன். கையெழுத்து என்னுடையது.

வெட்கமாக இருந்தது. வேறென்ன சொல்ல?

அந்த வெட்கத்தோடேயே '(அ) ஆம். ஒரு மனு வந்துள்ளது' என்று எழுதி, மனுக்கட்டோடு துணைச் செயலாளரிடம் கொண்டு போனேன். எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டுவார் என்பதால் அவருக்கு எங்கள் பிரிவில் 'கத்தரி' என்று பெயர்.

"ஆம்னு ஆரம்பிச்சா எங்க போய் முடியும் தெரியுமா?" என்றார் கத்தரி. "என்ன நடவடிக்கைன்னு கேப்பாங்க. முடிச்சுட்டோம்னு சொல்லணும். யார் முடிச்சாங்கன்னு கேப்பாங்க. யார் கையெழுத்து இது?"

"என்னுது சார்."

"மனு போட்ட அம்மா யாரு?"

"என் அக்கா சார்."

கத்தரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொந்த அக்கா மனுவையே படிக்காம முடிச்சவன்னு பேப்பர்ல வரணுமா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்பா. நீயே மாத்தி எழுது."

மாற்றினேன். '(அ) இல்லை. (ஆ), (இ) இவ்வினாக்கள் எழவில்லை.' முன்கூட்டித் தகவல் சொல்லும் ஏற்பாடுகூட எழவில்லை என்று போய்விட்டது. மனுவை மட்டும் கட்டிலிருந்து உருவி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். எதற்கு வைத்துக்கொண்டேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். குரலில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு தெம்பு.

"நாளன்னைக்கு சபையில என் கேள்வி வருதாம்டா. எங்க தொகுதி உறுப்பினர்தான் கேக்கறாரு, உள்ள வந்து பாக்க பாஸ் குடுத்திருக்காரு. மனு போட்டதை உன்கிட்ட சொல்லலன்னு கோச்சுக்காத. உன் பேரைச் சொன்னா உன் வேலைக்கு வம்பு. எல்லாரையும் போல வரிசையில நின்னு குடுத்தேன். உன் பிரிவுக்கு வராதுல்ல?"

"அது வேற பிரிவு அக்கா," என்றேன்.

சபையில் அதிகாரிகள் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே பார்வையாளர் மாடம். அங்கிருந்து எங்களைப் பார்க்க முடியாது. அமைச்சர் எழுந்தார், 'இல்லை' என்று படித்தார், உட்கார்ந்தார். அவ்வளவுதான், தப்பித்தோம் என்று நினைத்தேன். உறுப்பினர் துணைக்கேள்விக்கு எழுந்தார்.

"அமைச்சர் மனுவே வரலைன்றார். உங்க அலுவலகம் குடுத்த ரசீது இதோ என் கையில இருக்கு. நம்பரை வாசிக்கட்டுமா?"

அமைச்சர் பதறவில்லை. தலையை லேசாக எங்கள் பக்கம் திருப்பினார். இப்படிப்பட்ட நேரத்தில் நாங்கள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்போம், அவர் படிப்பார். கத்தரி சீட்டை என் பக்கம் தள்ளினார். "ஃபைல் உனக்குத்தானே தெரியும். சீக்கிரம்."

'ஆம்' என்று எழுதியிருக்கலாம். இரண்டே எழுத்து. என் பேனா எழுதியது இது: 'மனுவில் முகவரி இல்லை. ஆகவே மனுவாக ஏற்க இயலவில்லை.'

அமைச்சர் படித்தார். தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். "எங்களுக்கும் அனுதாபம் இருக்கு. ஆனா மனு குடுக்கறவங்க கொஞ்சம் கவனமா எழுத வேணாமா? முகவரியே இல்லைன்னா நாங்க எங்க போய்த் தேடறது?"

சிலர் சிரித்தார்கள். அவைத் தலைவர் அடுத்த கேள்விக்குப் போனார். அது தெருவிளக்கு பற்றியது.

அக்கா பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் எழுதினேன்டா," என்றாள். "மேல ஒரு தடவ, கீழ ஒரு தடவ. தண்ணி டேங்குக்கு எதிர் வீடுன்னுகூட எழுதினேன். எழுதினேன்னுதான் நினைக்கிறேன்."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுதலையோ? அப்ப என் புத்தி எங்க இருந்துச்சுன்னே தெரியல. அத்தனை பேர் முன்னாடி அமைச்சர் பொய்யா சொல்லுவாரு?"

பை என் மடியில் இருந்தது. உள்ளே அந்த மனு. மேலே ஒரு முகவரி, கீழே ஒரு முகவரி, தண்ணி டேங்குக்கு எதிர் வீடு. ஜிப்பைத் திறந்து எடுத்து நீட்ட ஒரு நிமிடம் ஆகாது. அதில் என் கையெழுத்துகூட இல்லை, அது மேல் தாளில்தான் இருந்தது. ஆனால் 'இது உன்கிட்ட எப்படிடா வந்துச்சு?' என்று கேட்பாளே.

"நீயே சொல்லு," என்றாள் அக்கா. "இத்தனை வருஷமா இந்த மாதிரி பேப்பரெல்லாம் பாத்தவன் நீ. மறந்திருப்பேனா?"

"அந்த நிலைமையில யாரா இருந்தாலும் மறந்திருப்பாங்கக்கா," என்றேன்.

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். அழவில்லை. கணக்கு ஒருவழியாகச் சரிவந்தது போல முகம் அடங்கிப் போனது.

"அப்ப அவரு தங்கச்சி கேட்டது சரிதான்," என்றாள். "சிலிண்டரையும் நான்தான் மறந்தேன்."

பஸ் வந்தது. ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.