பனிக் கண்டத்தில் உயர்திணை

மாதவ் அண்டார்டிகா ஆய்வு நிலையத்துக்கு வேலைக்குப் போனபோது அம்மா மீனாக்ஷியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் விரும்பிய ரூபாவை அவள் வாசலிலேயே நிறுத்தி, வாய்க்கு வந்ததைப் பேசி அனுப்பியிருந்தாள். தப்பு என்று அவளுக்கு உறைப்பதற்குள் பையன் கப்பலேறிவிட்டான். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ஒரே ஒரு முறை அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தவித்தாள்.

வீட்டில் தொலைபேசி இல்லை. மாதம் ஒருமுறை, மூன்று நிமிடம், மைசூரில் அப்பாவின் அலுவலகத்துக்குத்தான் பேசுவான். அப்பா யக்ஞநாராயணன் மொழியியல் பேராசிரியர். பெற்ற பிள்ளையிடமும் அவருக்கு வேண்டியது உதாரண வாக்கியங்கள்தான். பூர்வகுடிகளே இல்லாத கண்டத்தில் அடைந்து கிடக்கும் தமிழர்கள் பெங்குவினை 'வந்தது' என்பார்களா, 'வந்தார்' என்பார்களா? மனிதர் அருகிப்போன இடத்தில் பறவைக்கு உயர்திணை கிடைக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு அழைப்பையும் டேப்பில் பதிந்துகொண்டார்.

மீனாக்ஷி தானும் வருகிறேன் என்றால், ஆபீஸில் அழுது மானத்தை வாங்காதே என்பார். திரும்பி வந்ததும் பதில் தயாராக இருக்கும்.

"ஒன்னைப் பத்திக் கேக்கவே இல்ல. கோவம் போகல போலருக்கு."

ஜூலையில் மாதவ் பனிப்பிளவில் விழுந்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை. பேராசிரியர் அழுதார், இல்லை என்று சொல்லக் கூடாது. அழுதுவிட்டுக் கட்டுரையை முடித்தார்.

கட்டுரை மகனுக்குக் காணிக்கை என்பதால் கருத்தரங்கில் மீனாக்ஷியை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பேராசிரியர் டேப்பைத் தட்டிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

"பெங்குவின் நாலு பேர் வந்தா. எட்டிப் பாத்துட்டுப் போயிட்டா" என்றது மாதவின் குரல். தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவர் பலகையில் எழுதும் மும்முரத்தில் நிறுத்த மறந்ததால் டேப் மேலே ஓடியது.

"போறும்ப்பா. இந்தத் தடவையாவது அம்மாவ அழைச்சுண்டு வந்தேளா? எத்தனை தடவை கேக்கறது?"

"அவளுக்கு ஒங்கிட்ட பேச இஷ்டமில்லடா. அடுத்த வாக்கியம் சொல்லு."

பேராசிரியர் ஓடிவந்து டேப்பை நிறுத்தினார். சிரித்தவர்கள் குறிப்பேட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். மீனாக்ஷி எழுந்து நின்றாள்.

"இன்னொரு தடவை போடுங்கோ."

அத்தனை பேர் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. பெங்குவின்கள் நாலு பேரும் மறுபடி வந்தார்கள், எட்டிப் பார்த்தார்கள், போனார்கள். "போறும்ப்பா" என்று மாதவ் ஆரம்பித்ததும் பேராசிரியர் பொத்தானை அழுத்தினார்.

"உதாரணம் இதோட முடியறது" என்றார்.