பந்தயச் சாப்பாடு

ஊரே சிவப்பில் நின்றது. லீலண்ட் ஷேஃபர் மட்டும் நீலத் தொப்பி போட்டிருந்தான்.

ஹார்லன் கல்லூரி மைதானத்துக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் புல்வெளியில், தன் பழைய டிரக்கின் பின்பலகையை இறக்கிவைத்துக் கரியடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனான்.

"என்னய்யா லீலண்ட், எதிரிக்கு வித்துட்டியா எங்களை?"

"போன வருஷம் உங்க பசங்க ஒழுங்கா ஆடியிருந்தா எனக்கு ஏன் இந்தக் கதி?"

கன்சாஸின் அந்தக் கோதுமைப் பக்கத்தில் அவனுக்கு ஏன் அந்தக் கதி என்று எல்லோருக்கும் தெரியும். அவன் படித்தது சிவப்பு அணியான ஹார்லன், அண்ணன் ரூபன் படித்தது நீல அணியான பிரெஸ்காட். இரண்டு கல்லூரிகளும் அவர்கள் தாத்தா காலத்திலிருந்து நவம்பரில் ஒரு சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்தில் மோதிவருகின்றன. அண்ணன் தம்பியில் தோற்றவன், மறு வருடம் ஜெயித்தவனின் அணித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தன் கையால் மாவு பிசைந்து பீராக் சுட்டுத்தர வேண்டும். மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் அடைத்து மூடிய ரொட்டி அது. அம்மா ஞாயிறுதோறும் சுட்டது. பெண்டாட்டியின் கை படக்கூடாது. அதுதான் பந்தயம்.

மற்ற நாட்களில் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. அப்பா போன கையோடு ரூபன் தன் பங்கு நிலத்தைப் பன்றிப் பண்ணைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பிரெஸ்காட்டுக்கே குடிபோய்விட்டான். தெற்குக் காற்று அடித்தால் லீலண்டின் சமையலறைக்குள் பன்றி நாற்றம் நிற்கும். கிறிஸ்துமஸுக்குப் போக்குவரத்து இல்லை. ரூபனுக்குப் பேரப்பிள்ளை பிறந்தது கூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை மட்டும் விலக்கு. நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. மற்றதெல்லாம் பேசுவார்கள், ஒரு வருடத்துப் பேச்சை ஒரு காலையில்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கும் கேடு வந்திருந்தது. பிரெஸ்காட் பழைய லீகை விட்டுப் பணக்கார லீகுக்குப் போகிறது. தொலைக்காட்சிக்காரர்கள் கொட்டுகிற காசு அங்கேதான். அடுத்த வருடம் முதல் விமானம் ஏறிக் கடலோரங்களில் போய் ஆடுவார்கள். ஹார்லனுக்கு அட்டவணையில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு நடப்பதே கடைசி ஆட்டம்.

ரூபன் வந்தான். வயிறு இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

"தொப்பி பொருத்தமா இருக்குடா பொடியா. கழட்டாதே, அப்படியே புதைச்சுடச் சொல்லலாம்."

"தின்னுட்டுப் பேசு."

ரூபன் ஒன்றை எடுத்துப் பிட்டான். ஆவி வந்தது. மென்றுகொண்டே அடியைத் திருப்பிப் பார்த்தான்.

"அடி கருகிப் போச்சு. அம்மா பார்த்திருந்தா உன்னை அடிச்சிருப்பா."

"உன்னோடதைப் பார்த்திருந்தா அழுதிருப்பா. நீ கடைசியா போட்டது உள்ளே பச்சை மாவு. ரெண்டு நாள் வயித்து வலி எனக்கு."

"அது உன் அணி ஜெயிச்ச அதிர்ச்சிடா. பழக்கமில்லாத வயிறு."

லீலண்ட் சிரித்தான். ரூபன் மூன்றாவதை எடுத்தான். முழங்கால் வலியைச் சொன்னான், பேரன் இன்னும் பேசத் தொடங்கவில்லை என்றான். லீலண்ட் கரியைக் கிளறினான். கேட்க நினைத்ததை வேறு மாதிரி கேட்டான்.

"அப்போ இதோட முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது? இன்னிக்கும் நீ தோப்பே. அடுத்த நவம்பர் இதே சட்டியைத் தூக்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறே. ஆட்டம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? பந்தயம் பந்தயம்தான்."

லீலண்ட் முகத்தைக் காட்டாமல் குனிந்துகொண்டான்.

"நான் ஜெயிச்சா?"

"நீயா!" ரூபன் வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தான். இன்னொன்றை எடுத்தான்.

ஆட்டம் கடைசி நிமிடம்வரை இழுத்தது. ஹார்லன் இரண்டு புள்ளி பின்தங்கி இருந்தது. நேரம் முடியப்போகிறது, பந்து அவர்கள் கையில், இனி ஒரே ஓர் உதை பாக்கி. இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, ஆட்டம் ஹார்லனுடையது. மைதானம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்து நின்றது. எப்போதும் பக்கத்து இருக்கையில் உட்காரும் கோர்டி, லீலண்டின் தோளை நசுக்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் லீலண்டுக்கு உறைத்தது. தோற்றால் அவன் போகலாம். சட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வாசலில் நிற்க உரிமை உண்டு, யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க முடியாது. ஜெயித்தால் காத்திருக்க வேண்டியதுதான். ஜெயித்தவன் போய்க் கதவைத் தட்டிச் சாப்பாடு கேட்பதில்லை.

ஆண்டவனே, தப்பட்டும், என்றான் உள்ளுக்குள். பிறந்ததிலிருந்து சிவப்புச் சட்டை போட்டவன், சொந்த அணிப் பையனின் கால் இடற வேண்டும் என்று வேண்டினான்.

பந்து எழுந்தது. காற்றில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. லீலண்டின் உயிர் அதோடு சாய்ந்தது. பிறகு திரும்பி, நேராக, நடுவே போனது.

கோர்டி அவனைத் தூக்கிச் சுற்றினான். "அழுறான் பாரு! லீலண்ட் அழுறான் பாரு! கடைசியா முகத்துல கரியைப் பூசி அனுப்பிட்டோம்டா!"

வெளியே ரூபன் தன் வண்டிக் கதவில் சாய்ந்து நின்றான்.

"நல்லா உதைச்சான் உங்க பையன்."

"ஆமா."

லீலண்ட் நீலத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து தன் சிவப்புத் தொப்பியை எடுத்து நீட்டினான். ரூபன் வாங்கினான். தலையில் வைத்துப் பார்க்கவில்லை. வண்டிக்குள், முன்கண்ணாடிக்குக் கீழே எறிந்தான்.

"பாக்கி என் மேல. தெரியும்" என்றான். வண்டி கிளம்பியது.

மறு நவம்பரில் அதே சனிக்கிழமை வந்தது. லீலண்ட் காலையிலேயே முற்றத்தைக் கூட்டி, கரியடுப்பை வெளியே எடுத்துவைத்து, இரண்டு நாற்காலிகளைப் போட்டான். அவன் மனைவி வெர்லா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருவாரான்னு ஒரு போன் பண்ணிக் கேளேன்."

"ஜெயிச்சவன் போன் பண்ண மாட்டான்."

"ஜெயிச்சுக் கிழிச்சே."

தொலைக்காட்சியில் பிரெஸ்காட் ஏதோ கடற்கரை ஊரில் ஆடிக்கொண்டிருந்தது. பனைமரங்களுக்குக் கீழே நீலச் சட்டை ரசிகர்கள், குட்டைக் கால்சட்டையில். இரண்டு அணிகளும் இனிப் பரம வைரிகள் என்றான் வர்ணனையாளன். முன்பு ஒரு தடவைகூட மோதாதவர்கள்.

மதியம் ஒரு வண்டி வந்தது. லீலண்ட் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். கூரியர் வண்டி. ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். திறந்தபோது பனிக்கட்டிப் புகை வந்தது. உள்ளே தனித்தனியாக உறையிட்ட மாட்டிறைச்சித் துண்டங்கள், ஏதோ பெரிய கடையிலிருந்து. அனுப்பியவர் ரூபன் ஷேஃபர் என்று ஒட்டியிருந்தது. தொப்பி இல்லை.

"நல்ல கறி. விலை ஜாஸ்தி" என்றாள் வெர்லா. "பரவாயில்லையே, மறக்கலை. ராத்திரிக்கு வறுத்துடவா?"

"தொடாதே."

"கெட்டுப் போயிடும்."

"ஃபிரீஸர்ல போடு. பந்தயம் பீராக். அவன் கையால." என்றான் லீலண்ட். "இதைத் தின்னா தீர்ந்துடும். இன்னும் தீரலை."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஃபிரீஸரில் இடம் பண்ணும் சத்தம் கேட்டது. சாயங்காலம் தெற்குக் காற்று அடிக்கத் தொடங்கியது. வீடு முழுக்க அந்தப் பன்றி நாற்றம். வெர்லா ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"இருக்கட்டும்" என்றான் லீலண்ட், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவன் வந்த மாதிரி இருக்கு."