முதற்பிரதி வாங்க வந்தவர்

மேடையின் நடுக் கதிரையில் ஹயாத்து முகம்மது ஹாஜியார் பொன்னாடையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க டாக்டர் ஹாஜராவுக்கு வயிறு குளிர்ந்தது. உப்பள முதலாளி. ஊரில் யார் நூல் வெளியிட்டாலும் முதற்பிரதி வாங்க அவரை விட்டால் ஆளில்லை. அதோடு ஒரு கட்டுப் புத்தகத்தையும் எடுத்து, மாம்புரியிலிருந்து பள்ளிவாசல்துறை வரை பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தன் கையாலேயே கொடுப்பார். அந்தக் கைக்காகத்தான் ஹாஜரா அவரைக் கூப்பிட்டிருந்தார். தன் மானக்கேட்டைத் தானே சுமந்து விநியோகிக்கட்டும்.

ஸாம்பியா, மஸ்கட், ஸ்கொட்லாந்து என்று போன இடமெல்லாம் பிரசவம் பார்த்து ஓய்வுபெற்று வந்தவர் இந்த வயதில் நாவல் எழுதியதை இலக்கிய ஆசை என்று ஊர் நினைத்தது. நினைத்துவிட்டுப் போகட்டும். தங்கை ருஷ்தா தலைப்பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் கிடந்தபோது, ஊரிலிருந்த ஒரே வேன் வாசலுக்கு வந்தது. அது முத்தலிபுவின் வேன். உப்பள எல்லை வழக்கில் எதிராளி. “எண்ட பொஞ்சாதி அவண்ட வாகனத்துல ஏற மாட்டா” என்று கேற்றைச் சாத்தினார் ருஷ்தாவின் புருஷன், இதே ஹயாத்து. புத்தளத்திலிருந்து வேறு வேன் வந்தபோது அவள் மௌத்தாகியிருந்தாள். ஹாஜரா அப்போது ஸாம்பியாவில் யார் யாருடைய தங்கைகளையோ காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த மனிதரை அவர் மச்சான் என்று கூப்பிட்டதே இல்லை.

நாவலில் பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தார். பச்சைக் கேற்று, வேன், அந்த ஒரு வசனம் எல்லாம் அப்படியே இருந்தன. வாசிக்கிறவர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

பெயர் கூப்பிட்டதும் ஹாஜியார் எழுந்து வந்து இரண்டு கையாலும் புத்தகத்தை வாங்கினார். கமராவைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

“வாசிச்சிட்டன் டொக்டர்,” என்றார் மெதுவாக. “அச்சகத்து மிஹ்லார் முந்தியே கொண்டாந்து காட்டினான். விழாவுக்குப் போகாதீங்க எண்டும் சொன்னான்.”

தெரிந்துகொண்டா வந்து நிற்கிறார்?

“எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. பேரு மட்டும்தான் பிழை.” புத்தகத்தை விரித்து நீட்டினார். “எண்ட பேர எழுதித் தாங்க.”

எத்தனையோ நாட்டு முகங்களைப் பார்த்தே நோவைச் சொன்னவருக்கு, இந்த முகத்தில் இருப்பது பச்சாத்தாபமா திமிரா என்று பிடிபடவில்லை. எதுவானாலும் மன்னிப்பதற்காக அவர் எழுதவில்லை. இத்தனை வருஷக் கறுவலை ஒரு பேச்சில் பறித்துக்கொண்டு போகப் பார்க்கிறார், விடுவதா? பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“ஒண்டுல மட்டும் இல்ல மச்சான். நீங்க பள்ளிக்கூடங்களுக்குக் குடுக்கப்போற எல்லாத்துலயும் எழுதித் தாரன். கட்ட அவுக்கச் சொல்லுங்க.”

மச்சான் என்றதும் ஹாஜியார் நிமிர்ந்து ஹாஜராவைப் பார்த்தார். பிறகு புத்தகக் கட்டருகே நின்ற மிஹ்லாரைப் பார்த்துத் தலையாட்டினார். கையொப்பம் என்று நினைத்துச் சபை கைதட்டியது.

ஹாஜரா கேற்றுச் சாத்தப்படும் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்த பெயரை வெட்டினார். மருந்துச் சீட்டில் கிறுக்குவதுபோல இல்லாமல், சின்னப் பிள்ளைகளும் எழுத்துக்கூட்டி வாசிக்கும்படி ஹயாத்து முகம்மது என்று ஒவ்வோர் எழுத்தாக எழுதத் தொடங்கினார். மின்விசிறிக் காற்றில் தாள் புரண்டது. ஹாஜியார் குனிந்து அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.